சாவா மூவாப் பேராடும் இரட்டைக் குட்டியும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்பெயரில் ஊர்கள் பல. செய்யாற்றங்கரையில் ராஜேந்திர சோழனின் நினைவோடு சேர்த்துப் பேசப்படும் பிரம்மதேசம் வேறு. எண்ணாயிரத்துக்கு அருகில் பழங்கோயில்களும் கல்வெட்டுகளும் கொண்ட பிரம்மதேசம் வேறு. அம்பாசமுத்திரத்தை அடுத்ததும் வேறு. நான் சொல்வது கடலுக்குச் சற்று உள்ளே, உப்புக்காற்று எட்டும் தொலைவில் இருக்கும் பிரம்மதேசத்தை. கிழக்கே சில கல் போனால் மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே கழுவெளி. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்நூலைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடும் இங்கிருந்து வடக்கே கூப்பிடு தூரம்தான்.

ஒரு சித்திரை மாத முற்பகலில் அந்தச் சாலையோரம் வண்டியை நிறுத்தினேன். மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. செம்மண்ணில் செந்நிற ஆடுகள். அசையாமல் நின்றால் மண்ணுக்கும் ஆட்டுக்கும் வேறுபாடு தெரியாது. சென்னைச் சிவப்பு என்று கால்நடைத் துறையினர் பெயரிட்டிருக்கும் இனம். மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இரட்டைக் குட்டி போடுமா ஐயா என்று கேட்டேன்.

"எப்பவாவது ஒண்ணு போடும் தம்பி. போட்டா சந்தோஷம்னு நெனைக்கிறீங்களா? ரெண்டுக்கும் பால் எங்க பத்துது?"

இரண்டு என்றால் ஒன்றைவிட மேல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் சொன்ன கணக்கு வேறாக இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அது மனத்தில் கிடந்தது. அதோடு, எங்கோ வாசித்திருந்த ஒரு கல்வெட்டுத் தொடரும் வந்து ஒட்டிக்கொண்டது: சாவா மூவாப் பேராடு.

*

கல்வெட்டுகளோடு சிறிதளவு பழக்கம் உள்ளவர்களுக்கும் இத்தொடர் தெரிந்திருக்கும். பல்லவர் காலத்தின் பிற்பகுதியிலிருந்து சோழர் காலம் முழுவதும் தமிழகக் கோயில் சுவர்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிய ஏற்பாடு செய்கிறார். நந்தாவிளக்கு என்றால் இரவும் பகலும் அணையாத விளக்கு. அதற்கு நாள்தோறும் நெய் வேண்டும். நெய்க்காக அவர் ஆடுகளைக் கொடுக்கிறார். தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு என்பது வழக்கமான எண்ணிக்கை. மன்றாடி எனப்படும் இடையர் அவற்றை ஏற்றுக்கொண்டு, நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு, அதாவது கால் நாழி நெய் கோயிலுக்கு அளந்துவர வேண்டும். எதுவரை? சந்திரனும் சூரியனும் உள்ளவரை.

சாவா மூவா என்பது சாகாத, மூப்படையாத என்று பொருள்படும். ஆடு சாகாமல் இருக்குமா? இருக்காது. கல்வெட்டு எழுதியவர்களுக்கும் அது தெரியும். சொல்லின் உட்பொருள் இதுதான்: ஆடு சாகலாம், ஆட்டின் எண்ணிக்கை சாகக்கூடாது. செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்து வந்துகொண்டே இருக்கவேண்டும். முதல் குறையாமல் வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும் வைப்புநிதி என்று இன்றைய வங்கிக்காரர் இதைச் சொல்வார். கவிதைபோல் ஒலிக்கும் அத்தொடர் உண்மையில் ஓர் ஒப்பந்தச் சொல். அந்த ஒப்பந்தம் நிற்பதோ விழுவதோ ஓர் ஆடு எத்தனை குட்டி போடுகிறது, அவற்றில் எத்தனை பிழைக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. அல்லது நாற்பத்தெட்டுப் பசு. அல்லது பதினாறு எருமை. ஒரு பசு இரண்டு ஆட்டுக்குச் சமம், ஓர் எருமை ஆறு ஆட்டுக்குச் சமம் என்பது கணக்கு. ஓர் உழக்கு நெய்க்குத் தொண்ணூற்றாறு ஆடு எதற்கு என்று தோன்றலாம். ஆடு ஆண்டு முழுவதும் கறக்காது. ஈன்ற பின் மூன்று நான்கு மாதங்கள் பால் இருக்கும். அதிலும் பெரும்பகுதி குட்டிக்குப் போகும். எனவே எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் மந்தையில் ஒரு பகுதிதான் பாலோடு நிற்கும். விளக்கோ ஒரு நாளும் அணையக்கூடாது. ஆகவே எல்லா ஆடுகளும் ஒரே பருவத்தில் ஈன்றுவிடாமல், ஆண்டு முழுவதும் முன்னும் பின்னுமாக ஈனவேண்டும். குளிர்நாட்டுச் செம்மறிகள் பகல் குறையும் பருவத்தில் மட்டும் இணைசேரும். வசந்தத்தில் ஒன்றாக ஈனும். நம் ஊர் ஆடுகளுக்கு அத்தகைய கண்டிப்பான பருவம் இல்லை. நந்தாவிளக்கு இந்த வெப்பநாட்டு ஆட்டின் இயல்பின்மீதுதான் ஏற்றப்பட்டிருக்கிறது.

(ஆடு என்ற சொல் செம்மறியையும் வெள்ளாட்டையும் பொதுவாகக் குறிக்கும். நான் இங்கே செம்மறியை வைத்துப் பேசுகிறேன். வெள்ளாடு இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம், செம்மறி அப்படியன்று. கேள்வி கூர்மையாவது செம்மறியில்தான்.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. தொண்ணூற்றாறு பெண்ணாடுகளில் ஓராண்டில் எண்பது, ஆளுக்கொரு குட்டி போடுகின்றன. பாதி கிடா, பாதி பெட்டை. ஆக நாற்பது பெட்டைக் குட்டிகள். கால் பங்கு வளரும் முன்பே இறந்தால் மிச்சம் முப்பது. ஓர் ஆட்டை ஆறாண்டு வைத்திருந்து கழிப்பதாகக் கொண்டால் ஆண்டுக்குப் பதினாறு கழியும். நோயிலும் நரியிலும் எட்டுப் போகட்டும். தேவை இருபத்துநான்கு, கையில் இருப்பதோ முப்பது. ஒற்றைக் குட்டியிலேயே மந்தை சாவா மூவா நிலையில் நிற்கிறது. ஆறு பெட்டைகளும் எல்லாக் கிடாக்குட்டிகளும் இடையரின் ஊதியம்.

இப்போது மழை பொய்த்த ஓர் ஆண்டு. ஐம்பதுதான் ஈன்றன, பெட்டை இருபத்தைந்து, பிழைத்தது பதினைந்து. பெரிய ஆடுகளின் சாவும் கூடியிருக்கும். பற்றாக்குறை குறைந்தது ஒன்பது. அப்படி இரண்டாண்டு தொடர்ந்தால்? கல்வெட்டின்படி ஆடு சாகவில்லை. உழக்கு நெய் உழக்கு நெய்தான். குறைந்த ஆட்டை ஈடுசெய்யவேண்டியவர் இடையர். கொடை கொடுத்தவரின் பெயர் கல்லில் நிற்க, வறட்சியின் சுமை முழுவதையும் மேய்த்தவரின் தலையில் வைத்த ஏற்பாடு அது. விளக்கின் ஒளியைப் புகழும் நம் வரலாற்று நூல்கள் இந்தக் கணக்கை அதிகம் போட்டுப் பார்ப்பதில்லை.

அப்படியானால் ஓர் ஆடு இரண்டு குட்டி போட்டால் இடையரின் இடர் தீர்ந்துவிடாதா? பிரம்மதேசத்துப் பெரியவர் சொன்னது இங்கேதான் வருகிறது. குட்டி இரண்டானால் பால் இரண்டாகாது. இரண்டு குட்டிக்கும் ஊட்டிய பின் நெய்க்கு என்ன மிஞ்சும்?

*

இந்தக் கேள்விக்கு மறுபக்கம் இன்னொரு உப்புக்கரையில் இருக்கிறது. வங்கத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்றொரு செம்மறி இனம் உண்டு. வளர்ந்த பெண்ணாடே பத்திலிருந்து பதினைந்து கிலோதான் இருக்கும். முழங்கால் அளவு சேற்றில், உவர்நீர் ஏறி இறங்கும் நிலத்தில் மேயும். அது இரண்டும் மூன்றும் குட்டி போடும்.

1790-களில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குப் போன கப்பல்களில் வங்க ஆடுகளும் ஏற்றப்பட்டன. புதிதாக அமைந்த கைதிகள் குடியேற்றத்துக்கு இறைச்சி வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியக் கம்பளி வணிகத்தின் தந்தை என்று போற்றப்படும் ஜான் மெக்கார்தர் தம் மந்தையைத் தொடங்கியதே கல்கத்தாவிலிருந்து வந்த அறுபது வங்க ஆடுகளோடுதான். பிறகு மெரினோ வந்தது, கம்பளி வந்தது, செல்வம் வந்தது. வங்கத்து ஆட்டை எல்லோரும் மறந்துபோனார்கள்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கூமா என்னும் ஊருக்கருகே, பூரூலா என்ற பண்ணையில், சீயர்ஸ் சகோதரர்கள் மெரினோ வளர்த்துவந்தார்கள். மெரினோ வழக்கமாக ஒரு குட்டி போடும். இவர்கள் மந்தையில் மூன்று, நான்கு, சில வேளை ஐந்துகூடப் பிறந்தன. பல குட்டி போட்ட ஆடுகளின் வாரிசுகளையே அவர்கள் பொறுக்கி வைத்துக்கொண்டார்கள். 1958 முதல் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ அந்த ஆடுகளில் சிலவற்றைப் பெற்று ஆராயத் தொடங்கியது. அந்த ஆய்வை முன்னெடுத்தவர் ஹெலன் நியூட்டன் டர்னர், ஆட்டு மரபியலில் புள்ளியியலைக் கொண்டுவந்து சேர்த்த பெண்மணி.

ஒரு ஈற்றில் எத்தனை குட்டி என்பது மரபில் வலுவாக இறங்கும் குணம் அன்று. ஆடுகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் பெற்றோர் வழி வருவது. மீதியைத் தீனியும் வயதும் ஆண்டின் மழையும் முடிவுசெய்கின்றன. பல சிறு மரபணுக்கள் சேர்ந்து இயங்கும் இக்குணத்தைத் தேர்வினால் உயர்த்துவது சிற்றெறும்பு கல்லைத் தேய்ப்பது போன்றது. பூரூலாவில் மட்டும் எப்படி இந்தத் தாவல்? 1980-களின் தொடக்கத்தில் பைப்பர், பிண்டன் என்ற இருவர், இங்கே இயங்குவது ஒரே ஒரு பெரிய மரபணு என்று முன்வைத்தார்கள். 2001-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அதே இடத்தில் போய் நின்றன. ஆட்டின் ஆறாவது குரோமோசோமில், சூலகத்தில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் உயிரணுக்களின் மேல் அமர்ந்து சமிக்ஞை வாங்கும் ஒரு புரதம். அதன் 249-ஆம் இடத்தில் குளுட்டமின் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்ஜினின். ஒரே ஓர் எழுத்துப் பிழை.

அந்தப் பிழை செய்வது வியப்பானது. வழக்கமாக ஒரு பருவத்தில் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கும். ஒன்று முந்தும், மற்றவை வாடி அழியும். பிழை உள்ள ஆட்டில் சமிக்ஞை மங்குவதால் முட்டைப்பைகள் சிறியனவாக இருக்கும்போதே முதிர்ந்துவிடுகின்றன. ஒரு பெரிய பை சுரக்கவேண்டியதைச் சிறிய பைகள் பல சேர்ந்து சுரக்கின்றன. அதனால் ஒன்றுக்குப் பதில் இரண்டு, மூன்று முட்டைகள் வெளிப்படுகின்றன. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழை வந்தால் ஏறத்தாழ ஒன்றரை முட்டை கூடும். இருவரிடமிருந்தும் வந்தால் மூன்று கூடும்.

2002-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, வங்கத்துக் கரோலிலும் ஜாவா ஆட்டிலும் அதே பிழை, அதே எழுத்தில் இருப்பதைக் காட்டியது. ஆஸ்திரேலியச் செல்வந்தப் பண்ணையில் முளைத்த அதிசயம், இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கல்கத்தாத் துறைமுகத்தில் இறைச்சிக்கென்று ஏற்றப்பட்ட சேற்று ஆட்டின் சீதனம்.

*

மரபணு முட்டையைத் தரும். முட்டையைக் குட்டியாக்குவது உடம்பு. உடம்பை ஆக்குவது தீனி. இதை இடையர்கள் எந்தக் காலத்திலும் அறிந்தே இருந்தார்கள். சந்தையில் ஆடு வாங்குகிறவர் முதலில் பல்லைப் பார்ப்பார். அடுத்து இடுப்பின் மேல் கைவைத்து முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பார். எலும்பு முனை கூராகக் குத்தினால் மெலிவு. விரலை அழுத்தினால்தான் தெரியும் என்றால் நல்ல நிலை. அழுத்தியும் தெரியாவிட்டால் கொழுப்பு. 1961-இல் டாஸ்மேனியாவில் ஜெஃபரீஸ் என்பவர் இதே கைப்பழக்கத்தைப் பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான மதிப்பெண்ணாக எழுதிவைத்தார். ஸ்காட்லாந்தின் மலைப்பண்ணை ஆய்வாளர்கள் 1969-இல் அதைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் அதுவே அளவுகோல். இணைசேரும் காலத்தில் மூன்றை ஒட்டி இருப்பது நல்லது.

தீனி மூன்று வழிகளில் வேலை செய்கிறது. முதலாவது, இணைசேரும் நாளில் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது. இது மாதக்கணக்கில் தின்றதன் விளைவு. இரண்டாவது, உடம்பு ஏறுமுகத்தில் இருக்கிறதா இறங்குமுகத்தில் இருக்கிறதா என்பது. இரண்டு மூன்று வாரம் நல்ல தீனி கொடுத்து எடையை ஏற்றிய பின் கிடாவைச் சேர்ப்பதை மேல்நாட்டார் ஃப்ளஷிங் என்கிறார்கள். மெலிந்த ஆட்டுக்கு இது பலன் தரும். ஏற்கெனவே கொழுத்த ஆட்டுக்குப் பெரிதாகப் பலனில்லை. மூன்றாவது இன்னும் நுட்பமானது. எடை ஏறும் முன்னரே, சில நாள் செறிந்த தீனி போட்டாலே முட்டை கூடுகிறது என்று மேற்கு ஆஸ்திரேலியாவில் லூப்பின் என்ற பயற்றைத் தீனியாகக் கொடுத்துக் கண்டறிந்தார்கள்.

மல்லாட்டைக் கொல்லையில் நான் கண்டது இதைத்தான். பிடுங்கிய கொல்லையில் உதிர்ந்த இலையும் கொடியும் விடுபட்ட காயும் கிடக்கும். புரதமும் எண்ணெய்யும் செறிந்த தீனி. அங்கே ஆட்டை மடக்குவதால் கொல்லைக்கு எரு; ஆட்டுக்கு உடம்பு. அறுவடைக்குப் பின் ஆடு பருவத்துக்கு வருவது தற்செயல் அன்று.

ஆனால் கருத்தரித்த பின்தான் உண்மையான சோதனை. சினைக்காலம் ஐந்து மாதம். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பங்கு கடைசி ஆறு வாரங்களில் நடக்கிறது. இரட்டை சுமக்கும் ஆட்டின் வயிற்றில் கருப்பை இடத்தை அடைத்துக்கொள்வதால் தீனி கொள்ளும் இடம் சுருங்குகிறது, தேவையோ கூடுகிறது. தீனி போதாவிட்டால் தாய் தன் கொழுப்பை உருக்குகிறது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் நச்சேறித் தாயே விழுந்துவிடும். தப்பிப் பிறந்தாலும் இரட்டைகள் எடை குறைந்தவை. முதல் சில மணி நேரத்தில் சீம்பால் வயிறு நிறையக் கிடைக்காத குட்டிக்கு நோயைத் தாங்கும் வலுவில்லை. எளியதைத் தாய் தள்ளிவிடுவதும் உண்டு. ரெண்டுக்கும் பால் எங்க பத்துது என்ற கேள்விக்குள் இத்தனையும் அடங்கியிருந்தது.

*

கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட இடம் மராட்டியத்தின் பல்டன். 1968-இல் பி. வி. நிம்ப்கர் அங்கே தொடங்கிய வேளாண் ஆய்வு நிறுவனம், 1990-களில் சுந்தரவனத்திலிருந்து கரோல் ஆடுகளைத் தக்காணத்துக்குக் கொண்டுவந்தது. கரோலை அப்படியே கொடுத்தால் இடையர் ஏற்கமாட்டார். அது பூனையளவு ஆடு. எனவே கரோலின் மரபணுவை மட்டும் தக்காணி இனத்துக்குள் ஏற்றினார்கள். தலைமுறைதோறும் திரும்பத் திரும்பத் தக்காணியோடு சேர்த்து, குட்டிகளின் இரத்தத்தைச் சோதித்து, மரபணு உள்ளவற்றை மட்டும் தொடர்ந்து பெருக்கி, உருவத்தில் தக்காணியாகவும் சூலகத்தில் கரோலாகவும் ஓர் ஆட்டை உருவாக்கினார்கள். நாரி சுவர்ணா என்று பெயர். அதை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்தாமல் நாடோடி இடையர்களின் மந்தைகளுக்குள்ளும் விட்டுப் பார்த்தார் சந்தா நிம்ப்கர்.

கிடைத்த பாடம் நிதானமானது. மரபணு ஒரு படி இருந்த ஆடுகள் சராசரியாக ஒன்றரைக் குட்டியளவில் போட்டன. இடையர் கூடுதல் கவனத்தோடு அவற்றைக் காப்பாற்ற முடிந்தது. இரண்டு படி இருந்தால் மூன்று குட்டி வரும் வாய்ப்புக் கூடும். மேய்ச்சலை மட்டும் நம்பிய மந்தைக்கு அது சுமை. நியூசிலாந்தில் கண்ட இன்வர்டேல் என்னும் வேறொரு மரபணு இன்னும் கடுமையானது: ஒரு படி இருந்தால் இரட்டை, இரண்டு படி இருந்தால் மலடு. வளத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதை இயற்கை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

அந்த அளவு எது என்பதை மந்தையின் பருமனும் சேர்த்தே முடிவுசெய்கிறது. தொண்ணூற்றாறு என்ற எண் தன்னளவில் ஒரு காப்பீடு. ஒன்று தவறினால் இன்னொன்று ஈடுசெய்யும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தார்கள். நான்கில் ஒன்று செத்தால் கால் பங்கு முதல் போயிற்று. அங்கே சாவா மூவா என்ற கணக்குச் செல்லாது; அதிர்ஷ்டமே கணக்கு. வீட்டோரம் கட்டி, கழுநீரும் கொடியும் தழையும் வைத்து வளர்க்கும் அந்த நான்கு ஆட்டுக்கு இரட்டைக் குட்டி உண்மையிலேயே வரமாகலாம். நடந்து மேயும் நூறு ஆட்டுக்கு அதே இரட்டைக் குட்டி சுமையாகலாம். மரபணு ஒன்றுதான்; கை வேறு.

*

நம் இலக்கியத்துக்கு இந்தக் கணக்குத் தெரியாததன்று. கி. ராஜநாராயணனின் 'கிடை' கரிசலின் மந்தை வாழ்வைச் சொன்ன குறுநாவல். சு. தமிழ்ச்செல்வி உப்பளத்துக்கு 'அளம்', ஆடு மேய்ப்பவருக்குக் 'கீதாரி' என்று இரண்டு நாவல்களையும் எழுதியிருக்கிறார். உப்பும் ஆடும் பக்கம் பக்கமாக இருக்கும் மரக்காணக் கரையில் நின்று அவற்றை நினைத்துக்கொள்ளலாம். பெருமாள்முருகனின் 'பூனாச்சி'யில் (2016) ஒரு வெள்ளாடு ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடுகிறது. ஊரே வியக்கும் அந்த அதிசயம், மழை பொய்த்த நாட்டில் என்னவாகிறது என்பதை வாசித்தவர்கள் அறிவார்கள். பிரம்மதேசத்துப் பெரியவர் அந்நாவலைப் படித்திருக்கமாட்டார். படிக்கவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

நான் கிளம்பும்போது அவர் குனிந்து ஒரு பெண்ணாட்டின் இடுப்பைத் தடவிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன்.

"கொடி தின்னு உடம்பு பிடிச்சிருக்கான்னு பாக்கறேன் தம்பி. பிடிச்சா, ஆடி பொறக்கும்போது கிடாயச் சேக்கலாம்."

உழக்கு நெய் அளந்த மன்றாடிகளும் இப்படித்தான் தடவிப் பார்த்திருப்பார்கள். அவர்கள் பெயர்களும் சில கல்வெட்டுகளில் இருக்கின்றன, விளக்கு வைத்தவரின் பெயருக்குக் கீழே. அடுத்தமுறை ஏதேனும் ஒரு கோயில் சுவரில் சாவா மூவாப் பேராடு என்ற தொடரைக் கண்டால், அந்த இரண்டாவது பெயரையும் தேடிப் படியுங்கள். சாகாமலும் மூக்காமலும் ஆட்டை வைத்திருந்தவர் அவர்தான்.